2025-ல பிலிப்பைன்ஸ்ல இருந்தவங்க சொல்லுங்க, இன்னும் மனச விட்டுப் போகாத அந்த ஒரு நாள் எது?

டவாவோமெட்

மார்ச் 11. டவாவோல இருந்தவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

அன்னிக்குக் காலைலேருந்து டூட்டி, ஃபோன பாக்கவே நேரமில்ல. மத்தியானம் வார்டுல ஒரு நர்ஸக்கா மருந்து ட்ரேயை அப்படியே கீழ வச்சுட்டு அழ ஆரம்பிச்சாங்க, ஏதோ பேஷன்ட்தான் போயிட்டாருன்னு நெனச்சு நான் ஒவ்வொரு பெட்டா போய்ப் பாத்துட்டு வர்றேன், எல்லாரும் நல்லா இருக்காங்க, ஆனா எல்லார் கையிலயும் ஃபோன். ஹாங்காங்லேருந்து வந்து மணிலா ஏர்போர்ட்ல எறங்கின எங்க ஊருக்காரரு, முன்னாள் ஜனாதிபதி டுடெர்டேவ ஐசிசி (ஹேக்ல இருக்கற சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்) வாரண்ட்டக் காட்டிப் பிடிச்சுட்டாங்கன்னு அப்பதான் தெரியும்.

ராத்திரி போர்டிங் ஹவுஸ்ல எங்க ஓனரம்மா (டீத்தான்னுதான் கூப்பிடுவோம், நம்ம அத்தை மாதிரி) டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க. தட்டுல சாதம் காஞ்சு போயிருந்துச்சு. 11 மணி 3 நிமிஷத்துக்கு அவர ஏத்திக்கிட்டு அந்த சின்ன ஜெட் ஹேக்குக்குக் கெளம்புச்சு. ரன்வேல அந்த லைட்டு மறையுற வரைக்கும் அவங்க கண்ண எடுக்கல. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, 80 வயசு ஆகப்போற மனுஷன சொந்த நாட்டுல விசாரிக்க ஒரு கோர்ட் இல்லையாடான்னு கேட்டாங்க. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம், "தப்பு பண்ணலன்னா திரும்பி வந்துடுவாரு டீத்தா"ன்னு சொல்லிட்டேன்.

டிவிய ஆஃப் பண்ணிட்டாங்க. "நீ ராத்திரி ரெண்டு மணிக்கு டூட்டி முடிச்சு தனியா நடந்து வர்றியே, அந்த ரோட்ட உனக்கு யாரு குடுத்தது?"

எனக்கு பதில் வரல. நாலு வருஷமா அந்த ரோட்டுல நடக்கறேன், ஒரு தடவ கூட பயந்ததில்ல, அது உண்மை. டுடெர்டே இங்க இருபது வருஷத்துக்கு மேல மேயரா இருந்தவரு, இந்த ஊருல தீபாவளிக்கு ஒரு பட்டாசு வெடிக்க முடியாது, அவ்வளவு கண்டிப்பு. அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.


நாகர்கோவில்_தோஹா

நான் பிலிப்பைன்ஸ்ல இல்ல, தோஹாவுல நர்ஸ். ஆனா என் ரூம்மேட் ஜெனரல் சாண்டோஸ்காரி (டவாவோ இருக்கற அதே தீவு), அதனால அந்த வருஷம் எங்க ரூமுக்குள்ளயும்தான் நடந்துச்சு.

மார்ச் 28 டுடெர்டேவோட 80-வது பிறந்தநாள், உலகம் பூரா பிலிப்பினோக்கள் கூடினாங்கல்ல. இங்க கூடினா என்ன ஆகும்னு தெரியுமே, அனுமதி இல்லாம கூடினதுக்கு கொஞ்சம் பேர பிடிச்சு வச்சுட்டாங்க, அப்புறம்தான் விட்டாங்க. அதுல அவ ஃப்ரெண்டு இருக்காளான்னு தெரியல, ஃபோன் எடுக்கல. ராத்திரி ஒரு மணி இருக்கும், நான் கண்ணத் தொறந்து பாத்தா அவ தரையில உக்காந்து கத்திரிக்கோலால அந்தப் பச்ச டீசர்ட்ட வெட்டிக்கிட்டு இருக்கா. ரெய்டு வந்தா மாட்டிக்கக் கூடாதுன்னு. எல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டினவ, டுடெர்டே முகம் பிரின்ட் பண்ணியிருந்த எடத்த மட்டும் வெட்ட முடியாம சுத்திச் சுத்தி வெட்டி, அந்த முகத்த மடிச்சு பைபிளுக்குள்ள வச்சா. நான் தூங்கற மாதிரியே படுத்திருந்தேன். எந்திரிச்சு பக்கத்துல உக்காந்திருக்கணும்.

ஏப்ரல்ல வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு முதல் தடவையா ஆன்லைன் ஓட்டு வந்துச்சு, டூட்டி பஸ்ல எனக்குப் பக்கத்துல உக்காந்துதான் போட்டா. ஃப்ரெண்டும் நல்லாத்தான் இருந்தா, சார்ஜ் போயிருக்கு, அவ்வளவுதான்.


அருள்சகோதரி

டவாவோ தம்பி, உங்க டீத்தா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா. கோவமா சொல்லல, ஆனா சொல்லாம இருக்க முடியல.

நான் தூத்துக்குடி பக்கம், மணிலாவுல படிக்கிறேன், வாரத்துல ஒரு நாள் கலூக்கன் பக்கம் குடும்பங்களப் பாக்கப் போவோம். டுடெர்டே ஜனாதிபதியா இருந்தப்ப நடத்தின போதை ஒழிப்பு, தோக்ஹாங், தெரியுமில்ல, தட்டு, கெஞ்சுன்னு அர்த்தம், போலீஸ் வீட்டுக் கதவத் தட்டி போதைய விட்டுடுன்னு கேக்கறதா சொன்னாங்க. அரசாங்கக் கணக்குலயே 6,000 பேருக்கு மேல செத்திருக்காங்க, மனித உரிமைக்காரங்க 30,000 வரைக்கும் சொல்றாங்க. இதுல பெரும்பாலும் ஏழைங்க. இங்க ஏழைங்க கல்லறை வாடகைக்குத்தான், அடுக்கடுக்கா பொந்து மாதிரி கட்டியிருப்பாங்க, அஞ்சு வருஷம் ஆச்சுன்னா காசு கட்டணும், இல்லன்னா எலும்ப வெளிய எடுத்துடுவாங்க. ஃபாதர் ஃப்ளேவி வில்லனுவேவா கேள்விப்பட்டிருப்பீங்க, 2025-ல மக்சேசே விருது வாங்கினாரே, அவருதான் இந்தக் குடும்பங்களுக்காக எலும்ப முறையா எடுத்து, தடயவியல் டாக்டர் ராக்கேல் ஃபோர்த்துன்கிட்ட பரிசோதனைக்குக் குடுத்து, எரிச்சு, லா லோமா கல்லறையில ஒரு நினைவிடம் கட்டி அதுல வைக்கிறாரு. நிமோனியான்னு சர்டிஃபிகேட் குடுத்த ஒடம்புல குண்டு பட்ட அடையாளத்த அந்த டாக்டரம்மா கண்டுபிடிச்சிருக்காங்க.

மகனோட எலும்ப எடுக்கற அன்னிக்கு ஒரு அம்மாவுக்குத் துணையா நான் போயிருந்தேன். சிமென்ட் பலகைய உளியால தட்டறாங்க, அந்தச் சத்தம் கேக்கக் கேக்க அந்தம்மா என் கைய அமுக்கறாங்க. கதவத் தட்டற சத்தம் மாதிரியே இருக்கு சிஸ்டர்னு சொன்னாங்க. பையில எடுத்துப் போட்டாங்க. மூக்குத் தொடைக்கக் கைக்குட்டை தேடறதுக்காக பையை ஒரு நிமிஷம் என்கிட்ட குடுத்தாங்க. ஒண்ணுமே கனமில்ல. ஒரு கால்ல சாக்ஸ் அப்படியே இருந்துச்சு, நீலக் கோடு போட்டது.

மார்ச் 11 அன்னிக்கு அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணேன், சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சு. அவங்க சொன்னது இதுதான், அவருக்குப் போறதுக்கு டாக்டரும் வக்கீலும் கூட வர்றாங்க, என் மகன் செருப்பு போடணும்னு கேட்டான், விடல.

தம்பி, அந்த ரோட்ட உங்களுக்குக் குடுத்தது யாருன்னு டீத்தா கேட்டாங்க. என்ன வெல குடுத்து வாங்கினதுன்னு நீங்க கேட்டிருக்கணும்.


மணிலாவாசி_12வருஷம்

சகோதரி சொல்றது நியாயம்தான், ஆனா படிக்கப் போன பையன் வீட்டு ஓனர்கிட்ட அதக் கேட்டா அடுத்த நாள் பெட்டி வெளிய வந்துடும், அதையும் யோசிக்கணும். அவன் ஒரு கெஸ்ட்டு.

என் அனுபவம் பெருசா ஒண்ணுமில்ல. மே 11, எலெக்ஷனுக்கு முந்தின நாள், தெருமுனை சாரி சாரி கடையில பீர் கேட்டேன், மதுவிலக்குன்னு மறந்துட்டேன். கடைக்காரம்மா என்னையே பாத்து, எங்க ஊரு எலெக்ஷன் உனக்கு லீவு நாளான்னு கேட்டாங்க. சுருக்குன்னு இருந்துச்சு.

ஆனா புதுசா வர்ற பசங்களுக்கு சில விஷயம் சொல்லியே ஆகணும். எந்தக் கட்சி டீசர்ட்டும் ஃப்ரீயா குடுத்தாலும் போடாதீங்க. பேரணி பக்கம் போகவே போகாதீங்க, வெளிநாட்டுக்காரங்க அரசியல் ஊர்வலத்துல கலந்துக்கிட்டா நாடு கடத்துவோம்னு இமிக்ரேஷன் திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருக்காங்க, நான் சும்மா வேடிக்கை பாத்தேன்னு சொன்னா அங்க எடுபடாது. ஏசிஆர் கார்டு (வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கற அடையாள அட்டை) எப்பவும் பர்ஸ்ல இருக்கணும். வருஷம் பொறந்து 60 நாளைக்குள்ள போய் ஆனுவல் ரிப்போர்ட் பண்ணணும், நிறைய பசங்க காலேஜ் பாத்துக்கும்னு விட்டுட்டு அபராதம் கட்டறாங்க. ஜூன் 8-லேருந்து இந்தியர்களுக்கு 14 நாள் விசா வேண்டாம்னு வந்திருக்கே, அது டூருக்கு மட்டும்தான், அதுல வந்து எறங்கிட்டு ஸ்டூடன்ட் விசாவா மாத்திக்கலாம்னு எவனாச்சும் ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க, நீட்டிக்கவும் முடியாது மாத்தவும் முடியாது. ஊர்ல அப்பா அம்மா நெலத்த வித்துக் காசு அனுப்பியிருப்பாங்க, அத மனசுல வச்சுக்கங்க. யாராச்சும் டுடெர்டேவா, அவருக்கு அப்புறம் ஜனாதிபதியான மார்கோஸான்னு கேட்டா, சாப்ட்டீங்களான்னு கேட்டுப் பேச்ச மாத்துங்க, இந்த ஊர்ல அந்தக் கேள்விக்கு எல்லாரும் நின்னு பதில் சொல்லுவாங்க.


மரிகினா_கார்த்தி

ஐடி. மரிகினால ஆத்துக்குப் பக்கத்துல வாடகை வீடு. ஜூலை மழை, தென்மேற்குப் பருவக்காத்தோட மூணு புயல் வரிசையா வந்துச்சே அது.

எங்க வீட்டு ஓனர் அண்ணன், கூயாம்பாங்க, படிக்கட்டு பக்கத்துச் சுவத்துல தண்ணி வந்த மட்டத்த பென்சிலால கோடு போட்டு வருஷம் எழுதி வச்சிருப்பாரு. 2009 ஓண்டோய் புயல் என் தலைக்கு மேல. 2020 யுலிசிஸ் புயல் என் தோள். நம்ம வீட்டுல கொழந்தைங்க ஒசரம் அளந்து கோடு போடுவோமே, அப்படியே இருக்கும், கீழ அவரு பொண்ணோட ஒசரமும் அதே சுவத்துலதான்.

ஜூலை 28, ஜனாதிபதி உரை. நாங்க சேறு கழுவிக்கிட்டே ஃபோன ஜன்னல்ல வச்சுக் கேட்டுட்டு இருந்தோம். வெள்ளத் தடுப்புப் பணத்துல கொள்ளையடிச்சவங்களப் பாத்து "மஹியா நமன் காயோ"ன்னு மார்கோஸ் சொன்னாரு, கொஞ்சமாச்சும் வெட்கப்படுங்கன்னு. சபையில எல்லாரும் கை தட்டறாங்க. கூயா தேய்க்கறத நிறுத்திட்டாரு. அந்தப் பட்ஜெட்டுக்குக் கை தூக்கினவங்கதானடா இப்ப கை தட்டறாங்கன்னாரு, அப்புறம் அன்னிக்கு பூரா யார்கிட்டயும் பேசல.

ஆகஸ்ட்ல கணக்கு வெளிய வந்துச்சு. மூணு வருஷத்துல 9,855 வெள்ளத் தடுப்பு வேலை, 545 பில்லியன் பெசோ, அதுல 100 பில்லியன் வெறும் 15 கான்ட்ராக்டருக்கு. புலாக்கான்ல பாலிவாக்னு ஒரு ஊரு, 55 மில்லியன்ல ஆத்துச் சுவர் கட்டி முடிச்சாச்சுன்னு முழுப் பணமும் குடுத்திருக்காங்க, ஜனாதிபதியே போய்ப் பாத்தாரு, அங்க சுவரே இல்ல.

செப்டம்பர் 21, அதே தேதியிலதான் 1972-ல மார்கோஸோட அப்பா மார்ஷல் லா (ராணுவச் சட்டம்) போட்டாரு. இந்த ஊழல எதிர்த்துப் பேரணி, கூயா வெள்ளை ரிப்பன் கட்டிக்கிட்டு காலைல லுனெட்டா பார்க், மத்தியானம் எட்சா ரோடு. நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னேன் (மணிலா அண்ணே, உங்க அறிவுரை எனக்கும் தெரியும்). அவரு போர்டு எதுவும் எடுத்துட்டுப் போகல. எங்க வீட்டுப் படிக்கட்டுச் சுவத்தோட ஃபோட்டோவ பெருசா பிரின்ட் போட்டு ரெண்டு கையால நெஞ்சுக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரு, கோடு, வருஷம், பொண்ணோட ஒசரம் எல்லாம் தெரியுற மாதிரி. நான் ரோட்ட தாண்டி அவரு பக்கத்துல போய் நிக்கல.


கோவை_செபு

மணிலா அண்ணா, நீங்க அக்கறையாத்தான் சொல்றீங்க, புரியுதுங்க. ஆனா பேச்ச மாத்துங்கன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியலைங்க. என் வீட்டுக்காரரு செபுக்காரரு, என் ரெண்டு புள்ளைங்களும் இங்கதான் பொறந்துச்சுங்க. நான் எத்தன நாளைக்கு கெஸ்ட்டா இருக்கறதுங்க?

செப்டம்பர் 30 ராத்திரி செபு வடக்குல போகோங்கற ஊர்ல 6.9 நிலநடுக்கம். அந்த பயம் தெளியறதுக்குள்ள நவம்பர் 4, டீனோ புயல். காத்துக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சு வச்சிருந்தோம், வந்தது தண்ணி. விடியறதுக்கு முன்னாடி கணுக்கால், நான் அரிசிய மேல எடுத்து வச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள இடுப்பு. கூரை மேல ஏறிட்டோம், மாமியாரு சின்னவன சேலைத்துணியில என் முதுகோட கட்டிவிட்டாங்க. எதிர்ல காருங்க ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கிட்டுப் போகுது.

பின்னாடி வீட்டுல மாடி இல்லைங்க. அந்தப் பொண்ணு "ஆத்தே, ஆத்தே"ன்னு என்னக் கூப்பிட்டா, இங்க அக்காவ அப்படித்தான் கூப்பிடுவாங்க. நானும் கத்தினேன். அப்புறம் சத்தம் நின்னு போச்சு. நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் நான் ஒரு தடவ கூட அவ பேரச் சொல்லித் திருப்பிக் கூப்பிடலைங்க, பதில் வரலைன்னா என்ன பண்றதுன்னு. தண்ணி வடிஞ்சப்பறம் சீலிங்க ஒடச்சுக்கிட்டு அவளும் புள்ளையும் வெளிய வந்தாங்க, தொண்ட அடைச்சுப் போச்சாம், அதான் சத்தம் இல்ல. இப்பவும் தெனம் என்னப் பாத்து ஆத்தேன்னு சிரிக்கறா, என்னால நேரா மூஞ்சியப் பாக்க முடியறதில்ல.

செபு மாகாணத்துல மட்டும் நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. வெள்ளத் தடுப்புக்கு 26 பில்லியன் வந்துச்சாமே, எங்கன்னு கவர்னரம்மாவே கேட்டாங்க. அதுக்கு சாப்ட்டீங்களான்னு கேக்கச் சொல்றீங்களாங்க?


மணிலாவாசி_12வருஷம்

இல்லம்மா. நான் ஸ்டூடன்ட் பசங்களுக்குச் சொன்னேன். உங்களுக்கு அது பொருந்தாது, மன்னிச்சுக்கங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நாள் சொல்லிடுங்க.


டவாவோமெட்

எல்லாரும் எழுதினதப் படிச்சேன். சகோதரி, உங்களோடத மூணு தடவ.

மே 12 டீத்தா மை வச்ச வெரல எனக்குக் காட்டினாங்க, பேசாமலே. ஹேக் ஜெயில்ல இருக்கற ஆளுக்கு இந்த ஊரு 6 லட்சத்துக்கு மேல ஓட்டுப் போட்டு மேயராக்குச்சு. அக்டோபர் 10, 7.4 நிலநடுக்கம் வந்தப்ப நாங்க பேஷன்ட்டுங்கள ஸ்ட்ரெச்சர்ல வெளிய பார்க்கிங்குக்குத் தள்ளிட்டு இருந்தோம், டீத்தா நடந்தே வந்து எனக்கு சோத்துப் பொட்டலம் குடுத்துட்டுப் போனாங்க. அன்னைலேருந்து பழையபடி பேசறோம், அரசியல் மட்டும் இல்ல.

நேத்து ராத்திரி அந்த நீலக் கோடு சாக்ஸ் பத்தி டீத்தாகிட்ட சொன்னேன். வெலைய பத்திக் கேக்கல, எனக்கு அந்த தைரியம் இல்ல, நீங்க சொன்னத மட்டும் அப்படியே சொன்னேன். பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க, திரும்பல. கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தப் பையனுக்கு என்ன வயசுன்னு கேட்டாங்க.

எனக்குத் தெரியலன்னு சொன்னேன். உங்களுக்குத் தெரியுமா சகோதரி?


அருள்சகோதரி

19 தம்பி. டீத்தாவ நான் விசாரிச்சதா சொல்லுங்க.