மறு: ‘பென் டிஸ்ப்ளே’க்குத் தமிழில் என்ன? வரைதிரை என்கிறேன் நான்

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை நேற்று இரவு உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். ‘பென் டிஸ்ப்ளே’க்கு, அதாவது பேனாவால் திரையின் மேலேயே வரைகிற கருவிக்கு, தமிழில் என்ன பெயர் என்று கேள்வியைக் கிளப்பிவிட்டவனே காணாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். காவடி நெருங்குகிறது, கோவில் அழைப்பிதழை நானே வரைந்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதை வரைந்ததும் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கிற அதே கருவியில்தான், ஆகவே களப்பணி முடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லுக்காக நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கே மொரிசியஸில், ரோஸ் ஹில் ஊரில், சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறேன். அதில் ஒரு பெண்ணின் அம்மா, மகள் பிறந்தநாளுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒரு ‘தாப்லெத்’ (டேப்லெட்டைப் பிரெஞ்சில் இப்படித்தான் சொல்வோம்) வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தால் ஒரு திரை, ஒரு பேனா, ஒரு முனையில் மூன்றாகப் பிரியும் கேபிள். பொத்தானை அழுத்தினால் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு அணைந்துபோகிறது. கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து அழாத குறையாக என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். அது கெடவே இல்லை. அதற்குள் கணினி கிடையாது, அவ்வளவுதான். வேறொரு கணினியில் மாட்டினால்தான் அது உயிர் பெறும், அவர்கள் வீட்டிலோ கணினியே இல்லை. விற்றவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, அவரும் தாப்லெத் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஐபேடும் தாப்லெத், திரையே இல்லாமல் மேசையில் கிடக்கும் கறுப்புப் பலகையும் தாப்லெத், இந்தத் திரையும் தாப்லெத், பிரெஞ்சில் சாக்லேட் கட்டிகூடத் தாப்லெத்தான். எனக்குச் சொல் தேவைப்பட்டது தமிழ்ப் பற்றால் மட்டும் இல்லை, அந்த அம்மாவின் காசுக்காகவும்தான்.

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> வரைகணினி என்று வைத்தால் யாருக்கும் புரியும், சிறியதாகவும் இருக்கிறது.

போர்ட் லூயிஸ் தம்பி எழுதியது. தம்பி, கோபித்துக்கொள்ளாதே, மேலே சொன்ன குழப்பத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பெயரிலேயே கணினி என்று வைத்துவிட்டால் அடுத்த அம்மாவும் அப்படியே வாங்கி வருவார். இந்தச் சொல்லில் எது இருக்கிறதோ இல்லையோ, கணினி இருக்கவே கூடாது. கணினியா கணனியா என்ற பழைய சண்டையும் அதோடு சேர்ந்து வரும், நமக்கு எதற்கு.

> நம்மிடம் எழுத்தாணி என்ற சொல் இருக்கும்போது பேனா எதற்கு? எழுத்தாணித் திரை என்பதே முறை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஐயா எழுதியிருக்கிறார். ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பாதியை மனமாரவே ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பேனாவுக்கு எழுத்தாணி என்பதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது. ஓலையில் எழுதிய எழுத்தாணிக்கும் மை கிடையாது, அது கீறிவிட்டுப் போகும், பிறகு கரி பூசித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். இதற்கும் மை கிடையாது. அழுத்தம் குறைந்தால் கோடு விழாது, கூடினால் ஓலை கிழியும் என்று கையைப் பழக்கிக்கொண்டார்களே, அதே பழக்கம்தான் இங்கும் வேண்டும். இன்னொன்று, இந்த வகைப் பேனாக்கள் பலவற்றில் மின்கலம் கிடையாது. திரைக்குப் பின்னால் இருக்கும் உணரிப் பலகை ஒரு மின்காந்தப் புலத்தை அனுப்புகிறது, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதற்கு ஒத்ததிர்ந்து பதில் தருகிறது, அதை வைத்துத்தான் முனை எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று தெரிகிறது. மையும் இல்லை, மின்கலமும் இல்லை, எழுத்தாணியேதான் அது.

ஆனால் திரைக்கு அந்தப் பெயர் வேண்டாம். ஒரு காரணம் வாய். இந்தத் தீவின் கிரியோல் மொழியைப் பேசி வளரும் என் பிள்ளைகளிடம் ழகரத்தையும் அடுத்தடுத்து வரும் தகர ணகரங்களையும் ஒரே சொல்லில் கொடுத்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் தாப்லெத் என்றே சொல்லிவிடுவார்கள். இன்னொரு காரணம் நீளம். எழுத்தாணித் திரை இயக்கி நிறுவல் வழிகாட்டி என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

வட்டிகைத் திரை என்று எழுதிய அக்காவுக்கு: வட்டிகையும் துகிலிகையும் தூரிகையைக் குறிக்கும் பழஞ்சொற்கள், கேட்கவே இனிக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வட்டிகை என்றால் என்ன என்று விளக்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். கண்காட்சிக்குப் பெயர் வைக்கும்போது கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நான் சொல்வது வரைதிரை. வரை, திரை. தொடுதிரை என்ற சொல்லை யாரும் இன்று யோசித்துச் சொல்வதில்லை, வாயில் தானாக வருகிறது. அதன் தங்கை மாதிரி இது பக்கத்தில் வந்து உட்காரும். தொட்ட, தொடுகிற, தொடும் திரை தொடுதிரை. வரைந்த, வரைகிற, வரையும் திரை வரைதிரை. வினைத்தொகை. ஆகவே நடுவில் ஒற்று மிகாது, இதை மட்டும் தயவுசெய்து எல்லோரும் கவனியுங்கள், நேற்றே இரண்டு மடல்களில் ‘வரைத்திரை’ என்று பார்த்தேன். ஒற்றுப் போட்டால் வரை பெயர்ச்சொல்லாகிவிடும், வரை என்றால் மலை, எல்லை. மலையில் தொங்கும் திரையாகிவிடும்.

திரையில்லாத பலகைக்கு? வரைபலகை. விசைப்பலகையைப் பலகை என்று சொல்லிப் பழகியாயிற்று, அதில் உள்ளிடுகிறோம், பார்ப்பது வேறு இடத்தில். வரைபலகையும் அப்படித்தான், கை மேசையில், கண் கணினித் திரையில். வரைதிரையில் கையும் கண்ணும் ஒரே இடத்தில். மரத்தில் செய்த ஓவியப் பலகையையும் வரைபலகை என்று சொல்லலாமே என்று யாராவது கேட்பார்கள். சொல்லட்டும், மரப்பலகையைக் கணினியில் மாட்டலாமா என்று யாரும் குழம்பப் போவதில்லை.

இந்த இரண்டு வகையும் பிறந்த நாளிலிருந்தே இரண்டாகத்தான் இருக்கின்றன என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். 1963-இல் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதியபோது ஒளிப்பேனாவைத் திரையின் மேலேயே வைத்து வரைந்தார். அடுத்த ஆண்டே வந்தது ராண்ட் நிறுவனத்தின் பலகை, அதில் கையை மேசையில் வைத்து வரைந்துவிட்டு நிமிர்ந்து திரையைப் பார்க்க வேண்டும். முதலாவது வரைதிரையின் பாட்டி, இரண்டாவது வரைபலகையின் பாட்டி. இன்று கடையில் கிடைக்கிற வடிவத்துக்கு அருகில் வந்த சிந்திக் என்ற திரையை ஜப்பானிய நிறுவனமான வாகாம் 2001-இல் வெளியிட்டது. இத்தனை வருடம் பெயர் வைக்காமல் விட்டது நம் சோம்பல்தான்.

> அப்படியானால் எழுத்தாணியால் வரையக்கூடிய ஐபேடும் வரைதிரைதானே?

இல்லை. அது கைக்கணினி. அதில் வரைந்தாலும் பாட்டுக் கேட்டாலும் கைக்கணினிதான். தனியாக ஓடுவது கைக்கணினி, இன்னொரு கணினியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வரைதிரை. கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். 1998-இல் மொரிசியஸ் ரூபாய்த் தாளில் இந்திக்குக் கீழே தமிழை இறக்கிவிட்டார்கள் என்று இந்தத் தீவில் நாம் எவ்வளவு கொதித்தோம், அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று மறு ஆண்டு வரிசையைச் சரிசெய்து புதிதாக அச்சடித்தார்கள். எழுத்து எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்பதற்கு அவ்வளவு நடந்தது. ஆனால் சொல் தங்கியது வேறு வழியில். மூரூம், காரிபூலே, பிப்பாங்காய் என்று சந்தையில் தமிழே தெரியாதவர்கூடக் கிரியோலில் கேட்கிறார், முருங்கையும் கறிவேப்பிலையும் பீர்க்கங்காயும்தான் அவை. கீரையோடு சேர்ந்து சொல்லும் கப்பலேறி வந்ததால் தங்கிவிட்டது. ஆகவே அகராதியில் ஏற்றுவதற்கு முன்னால் சனிக்கிழமை வகுப்பில் இந்தச் சொல்லைப் புழங்கவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம், பெயர் ஒன்று மட்டும் போதாது, கூட வருகிற சொற்களும் வேண்டும். சிலது தானாக அமைந்துவிட்டது. டிரைவருக்கு இயக்கி என்பது பழகிய சொல். நிப்புக்கு முள், பேனாமுள் என்று என் தாத்தா சொல்வார், சொரசொரப்பான கண்ணாடியில் முள் சீக்கிரம் தேயும், மாற்று முள் பெட்டியிலேயே வரும். பிரஷர் லெவலுக்கு அழுத்தப் படி. விளம்பரத்தில் 8192 படி, 16384 படி என்று பெரிதாகப் போடுவார்கள், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. முள் லேசாகப் பட்டாலே கோடு விழுகிறதா என்பதுதான் முக்கியம். அதைவிட முக்கியம் இன்னொன்று: அடிக்கோலை மூலைக்கு மூலை சாய்வாக வைத்து மெதுவாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், நேராக வராமல் பாம்பு மாதிரி நெளிந்தால் அந்தத் திரை வேண்டாம். இந்த நெளிவுக்கு ‘நெளிவு’ என்றே வைத்துவிடலாம்.

பேரலாக்ஸுக்குப் பாடநூல் சொல் இடமாறு தோற்றம். சரியான சொல்தான், ஆனால் பிள்ளைகளிடம் நான் ‘விலகல்’ என்கிறேன். மேல் கண்ணாடிக்கும் கீழே படம் தெரியும் அடுக்குக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் முள் ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் விழுவதாகக் கண்ணுக்குத் தெரியும். இரண்டையும் ஒட்டிச் செய்த திரையில் இது மிகக் குறைவு. ஒட்டிய திரை, ஒட்டாத திரை என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறேன், இதற்கெல்லாம் புதிய சொல் தேடினால் பைத்தியம் பிடிக்கும்.

மாட்டுவதுதான் பெரிய தொல்லை, இதில் நான் ஒரு முழுச் சனிக்கிழமையை இழந்திருக்கிறேன். மடிக்கணினியில் யூஎஸ்பி-சி துளை இருக்கிறதே என்று ஒற்றைக் கேபிளில் மாட்டினேன், ஒன்றும் வரவில்லை. எல்லா யூஎஸ்பி-சி துளையும் படத்தை அனுப்பாது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சிலது மின்சாரமும் தரவும் மட்டுமே அனுப்பும். அப்படியானால் படத்துக்கு எச்டிஎம்ஐ, தரவுக்கு யூஎஸ்பி, மின்சாரம் என மூன்றையும் தனித்தனியாக மாட்டுகிற அந்த மூன்று தலைக் கேபிள்தான் வழி. நம் ஊரில் ஒரே வீட்டில் ஆங்கிலேய மூன்று முள் செருகியும் பிரெஞ்சு இரண்டு முள் செருகியும் இருப்பதால் பெட்டியில் வந்த அடாப்டர் சுவரில் நுழையுமா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு, திரையில் இங்கே தொட்டால் அம்புக்குறி பக்கத்து மானிட்டரில் ஓடும். பயப்பட வேண்டாம், எந்தத் திரைக்கு எழுத்தாணி சேர்ந்தது என்று இயக்கியில் சொல்லித் தரவேண்டும், அவ்வளவே. இதற்குத் ‘திரைப் பொருத்தல்’. பழைய வரைபலகையின் இயக்கி இருந்தால் முதலில் அதை நீக்குங்கள், இரண்டு இயக்கிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கிரிதா என்ற வரையும் நிரலில் கோடு விழுகிறது, ஆனால் அழுத்தம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அமைப்பில் வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு தெரிவுகள் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே தீரும். கிரிதா இலவசம் என்பதால் வகுப்பில் எல்லோருக்கும் அதுதான்.

பாக்கி இருப்பது கேலிபரேஷன். மூலைகளில் வரும் கூட்டல் குறிகளை முள்ளால் தொட்டுத் தொட்டுத் திரைக்கும் எழுத்தாணிக்கும் ஒத்துப்போகச் செய்கிறோமே, அது. அளவுத்திருத்தம் என்பது ஆய்வகத் தராசுக்குச் சரி, இங்கே எதையும் அளக்கவில்லை. நேர்ப்படுத்தல் என்று எழுதிப் பார்த்தேன், பரவாயில்லை, ஆனால் பிள்ளைகள் அதைச் சொல்ல மாட்டார்கள். டர்பன் ஐயா, எழுத்தாணியில் பாதியை உங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன், பதிலுக்கு இதற்கொரு நல்ல சொல் நீங்கள் தரவேண்டும். சனிக்கிழமைக்குள் வந்தால் வகுப்புத் தாளில் அச்சடித்துவிடுவேன்.

அந்த அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். உறவினர் ஒருவரின் பழைய மடிக்கணினி கிடைத்தது, அதில் எச்டிஎம்ஐ இருந்தது. அந்தப் பெண் இப்போது மயில் வரைகிறாள், அழைப்பிதழின் இடது ஓரத்தில் இருப்பது அவள் வரைந்ததுதான்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து