செவ்வளையக் கண் சின்னான்: நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பார்த்தவை

நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் பணிக்காகத் தங்கிய முதல் வாரத்தில், தோட்டத்துத் தொட்டியில் நீர் குடிக்க வந்திறங்கிய கருந்தலைப் பறவையைப் பார்த்ததும், ஊரில் பழமரங்களைச் சுற்றிவரும் நம் சின்னான்தான் என்றெண்ணி, கையேட்டைப் புரட்டக்கூட நான் முயலவில்லை. அது வாலைத் தூக்கியபோதுதான் தவறு விளங்கியது. நம் சின்னானுக்கு வாலடியில் சிவப்பு; இதற்கோ பளிச்சென்ற மஞ்சள். சிவப்பு இருந்தது கண்ணைச் சுற்றி, ஆரஞ்சு கலந்த தோல் வளையமாக. பிக்னோனோட்டஸ் நைக்ரிகன்ஸ் என்ற அறிவியல் பெயரை அன்றிரவுதான் தேடிப் படித்தேன்.

பின்னர் நமீப் பாலையின் ஊடே செல்லும் குயிசெப் ஆற்றின் வறண்ட படுகையில் அதை மீண்டும் கண்டேன். சங்கப் பாலைப் பாடல்களில் உகாய் என்று வரும் அதே மரம் அங்கே புதராக மண்டிக் கிடக்கிறது. அதன் சிறு பழங்களை இரண்டு பறவைகள் ஓயாமல் பேசிக்கொண்டே பறித்து விழுங்கின. அவ்வளவு வறண்ட நிலத்தில் வாழ்ந்தாலும் நீர் கிடைக்கும் இடத்தைவிட்டு அவை அதிகம் விலகுவதில்லை. முகாம்களில் சொட்டும் குழாயடியில் அவற்றைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம் இராது.

*

மேலே எழுதிய நண்பர் கண் வளையத்தைக் கவனித்தது நல்லது. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாநிலத்தில் மூன்று சின்னான் இனங்கள் சந்திக்கின்றன: வறண்ட உட்பகுதியிலிருந்து வரும் இந்தச் செவ்வளையம், மேற்கிலிருந்து வரும் வெண்வளையம், ஈரமான கிழக்கிலிருந்து வரும் கருவளையம். அவை ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிப்பதும் உண்டு. அங்கே நான் படமெடுத்த ஒரு பறவையின் வளையம் மங்கிய இளஞ்சிவப்பாக இருந்தது. கலப்பினமென்று பெருமையோடு குறித்துக்கொண்டேன். இளம் பறவைக்கும் வளையம் வெளிறியே இருக்கும் என்று பிறகு அறிந்ததும் அக்குறிப்பை அடித்துவிட்டேன்.

*

என் அனுபவம் சிறியது. போட்ஸ்வானாவில் ஒரு முட்புதரருகே, கத்திக் கூச்சலிட்ட இரண்டு செவ்வளையச் சின்னான்கள் சுடலைக்குயில் ஒன்றைத் துரத்தியதைக் கண்டேன். நம் நாட்டில் தவிட்டுக்குருவியின் கூட்டில் அதன் முட்டையைப் போன்றே நீல முட்டையிடும் இக்குயில், தென்னாப்பிரிக்கப் பகுதியில் சின்னான்களின் கூட்டில் வெள்ளை முட்டையிடுகிறது. சின்னானின் முட்டையோ புள்ளிகள் நிறைந்தது. இருந்தும் அது ஏமாறி அடைகாக்கிறது என்பதை இன்னும் என்னால் சீரணிக்க முடியவில்லை.