ராத்திரி ரயிலும் டாக்சிக் கணக்கும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கோட்டையூர்வாசி

போன வருஷம் ஒரு வேண்டாத வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். சென்னையிலிருந்து வரும் பல்லவன் எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி ரயிலில் வந்து காரைக்குடி ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் எந்தெந்த ஊருக்கு வண்டி பிடிக்கிறார்கள் என்று கணக்குக் காட்டினால், அந்த நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் கேட்கலாம் என்பது எங்கள் நினைப்பு. டாக்சி ஸ்டாண்டில் எழுதும் நோட்டு, ஆப்பில் ஓட்டும் தம்பிகளின் ஸ்கிரீன்ஷாட், ஒரு டிராவல்ஸ்காரரின் டிரிப் ஷீட் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு எக்செல் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். நோட்டில் "14 கானா 2 பெட்டி 500" என்று இருந்தது. 14 தேதியா? "வரிசை நம்பர் தம்பி" என்றார் ஸ்டாண்ட் அண்ணன். இரண்டு பேரும் பெட்டியுமா, இரண்டு பெட்டியா? எழுதிய அவருக்கே மறந்துவிட்டது. கானா என்றால் கானாடுகாத்தான். டிரிப் ஷீட்டில் அதே ஊர் "செட்டிநாடு". அங்கே இருக்கும் ரயில் ஸ்டேஷனுக்கு அதுதானே பெயர். ஆப்பில் ஊரே இல்லை, தங்கும் விடுதியின் பெயர் மட்டும். நமக்கு ஒரே ஊர், எக்செலுக்கு மூன்று ஊர்.

நேரம் இன்னும் மோசம். ஒரு ஆப் காட்டியது வண்டி புக் செய்த நேரம், இன்னொன்று காட்டியது இறக்கிவிட்ட நேரம். நோட்டில் "ராத்திரி", அவ்வளவுதான். எப்படியோ கூட்டிக் கழித்து, பஸ் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் இரண்டு நிமிஷம் புரட்டிவிட்டு, "மூணும் மூணு மாதிரி இருக்கே சார், இதுல எதை எடுத்துக்கிறது?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

டிஎன்63 டிரைவர்

அண்ணே, ஸ்கிரீன்ஷாட்டை நம்பியா கணக்குப் போட்டீங்க? கஸ்டமர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் "கேன்சல் பண்ணிடுறேன், கையில வாங்கிக்குங்க" என்பார். ஆப்பில் அது போகாத சவாரி. ஆனால் நான் தேவகோட்டை வரை போய் வந்திருப்பேன். திரும்பி வரும்போது வண்டி காலி, அதுவும் எதிலும் ஏறாது. டீசல் மட்டும் என் கணக்கில் ஏறும்.

இன்னொன்று, நகரத்தாரின் ஒன்பது கோயில் டிரிப். காலையில் வீட்டில் ஏற்றி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று சுற்றிவிட்டு அதே வீட்டில் இறக்குவேன். ஏறின இடமும் இறங்கின இடமும் ஒன்று என்றால், உங்கள் எக்செல் நான் எங்கேயும் போகவில்லை என்றுதானே சொல்லும்?

தேவகோட்டை டு குயின்ஸ்

நான் இருப்பது நியூயார்க்கில். இங்கே டாக்சி ஆணையம் பெரிய ஆப் கம்பெனிகளிடம் ஒவ்வொரு சவாரிக்கும் வண்டி கேட்ட நேரம், ஏறிய நேரம், இறங்கிய நேரம் என்று மூன்றையும் தனித்தனியாக வாங்குகிறது. 2019 பிப்ரவரி முதல் நடந்த சவாரிகளின் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. கோட்டையூர்வாசி மாட்டிக்கொண்ட இடம் இதுதான். எல்லாருமே "நேரம்" என்றுதான் எழுதுகிறார்கள், எந்த நேரம் என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பஸ் அட்டவணையை எல்லாரும் ஒரே மாதிரி எழுத, 2005-லேயே அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு பொது வடிவம் உருவாகத் தொடங்கிவிட்டது. 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வாடகை ஸ்கூட்டர்களுக்காகத் தொடங்கிய எம்டிஎஸ் என்ற இதே மாதிரிப் பொது வடிவத்தில் இப்போது டாக்சியும் சேர்த்தி.

இங்கேயும் சூடு பட்டிருக்கிறார்கள். 2013-ம் வருஷத்துச் சவாரிகள், சுமார் 17 கோடி, 2014-ல் வெளியே வந்தன. டாக்சி எண்ணை மறைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் எண்கள் எந்த வடிவத்தில் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். இருக்கக்கூடிய எண்களையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தே அதை உடைத்துவிட்டார்கள். பத்திரிகைப் போட்டோவில் டாக்சியில் ஏறிய பிரபலம் எங்கே இறங்கினார், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார் என்பதுவரை தோண்டினார்கள். அதற்குப் பிறகு துல்லியமான இடத்தை எடுத்துவிட்டு வட்டார எண் மட்டும் வெளியிடுகிறார்கள்.

பள்ளத்தூர் மருமகள்

பிரபலம் கிடக்கட்டும், என் கதையைக் கேளுங்கள். ஒருநாள் மத்தியானம் ஸ்டாண்டில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். சாயங்காலம் நான் காபி கலப்பதற்குள் மாமியார், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்கிறார். நோட்டில் பார்த்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். (விசேஷம் ஒன்றுமில்லை, பல் வலி.) நியூயார்க்கில் வட்டார எண் போட்டால் மறைந்துவிடலாம். எங்கள் ஊரில் ராத்திரி 11 மணிக்கு இறங்குகிற பொம்பளை நான் ஒருத்திதான். பெயர் போடாமல் விட்டாலும் நான்தான் என்று தெரியாதா?

தேவகோட்டை டு குயின்ஸ்

அக்கா சொல்வதுதான் முக்கியமான விஷயம். சிகாகோவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நேரத்தை 15 நிமிஷத்துக்கு ரவுண்டு செய்கிறார்கள், ஆப் வண்டிகளின் கட்டணத்தை இரண்டரை டாலருக்கு. ஒரு சின்ன வட்டாரத்தில் அந்த நேரத்துக்கு ஒன்றிரண்டு சவாரிதான் இருந்தால், அந்த வட்டாரத்தையே காட்டாமல் பெரிய பகுதியோடு சேர்த்துவிடுகிறார்கள்.

கோட்டையூர்வாசி

நம் நாட்டிலும் 2020 நவம்பரில் மத்திய அரசு ஆப் கம்பெனிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தகவலைக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 24 மாதம் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், முறைப்படி கேட்டால் மாநில அரசுக்குத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. ஸ்டாண்ட் நோட்டுக்கு யாரும் விதி எழுதப்போவதில்லை. அதனால் நானே கட்டம் போட்டு ஒரு நோட்டு அச்சடித்தேன். ஊர் பெயர்களை முன்கூட்டியே அச்சிட்டுவிட்டேன், டிக் அடித்தால் போதும். கானாடுகாத்தானுக்கு ஒரே கட்டம். பள்ளத்தூரையும் கொத்தமங்கலத்தையும் இனி ஒன்றாகச் சேர்த்துவிடுகிறேன், மருமகள் அக்காவுக்காக. பயணி பெயருக்கும் போன் நம்பருக்கும் இடமே வைக்கவில்லை. ஸ்டாண்ட் அண்ணன் முதல் வாரம் முனகினார். இப்போது அவரே மற்றவர்களை "டிக்கைப் போட்டுட்டுப் போங்கப்பா" என்று விரட்டுகிறார்.

டிஎன்63 டிரைவர்

எல்லாம் சரிண்ணே. கேன்சல்னு காட்டிவிட்டுப் போன சவாரியை எந்தக் கட்டத்தில் போடுவது?

கோட்டையூர்வாசி

கடைசியில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன் தம்பி. தலைப்பு மட்டும் இன்னும் எழுதவில்லை.