கிட்டா, எஸ்விஎன்னா? ஸ்கிரிப்ட் எப்படிக் கண்டுபிடிப்பது?

பில்டு_மணி: பழைய சர்வரிலிருந்து ஏகப்பட்ட சோர்ஸ் ஃபோல்டர்களை காப்பி செய்திருக்கிறோம். கோட் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் டூல்களில் சில கிட், சில சப்வெர்ஷன் (எஸ்விஎன்), ஒன்றிரண்டு மெர்க்குரியல். எது எதில் இருக்கிறது என்று ஷெல் ஸ்கிரிப்டே சொல்ல வேண்டும். அந்தந்த டூல் வைக்கும் .கிட், .எஸ்விஎன், .எச்ஜி ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

கருவேலன்: தாராளமாகப் போதும். ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் பாருங்கள். முதலில் எது கண்ணில் படுகிறதோ அதுதான். எந்த டூலும் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டாம்.

தேன்மொழி_டெவ்: போதாது. சப்மாட்யூலிலும் (ஒரு ரெப்போவுக்குள், அதாவது கிட் கவனிக்கும் ஃபோல்டருக்குள், இருக்கும் இன்னொரு ரெப்போ) ஒர்க்ட்ரீயிலும் (அதே ரெப்போவின் கூடுதல் வேலை ஃபோல்டர்) .கிட் என்பது ஃபோல்டரே இல்லை, சின்ன ஃபைல். உள்ளே ‘கிட்டிர்:’ என்று தொடங்கி நிஜ இடத்தின் பாதை இருக்கும். ஃபோல்டரா என்று மட்டும் பார்க்கும் ‘-டி’ போட்டுச் சோதித்தால் அதைத் தாண்டிப் போய் மேலே உள்ள ரெப்போவைக் காட்டும். ‘கிட் ரெவ்-பார்ஸ் --ஷோ-டாப்லெவல்’ என்று ரெப்போவின் உச்சி ஃபோல்டரைக் கிட்டையே கேளுங்களேன்.

கருவேலன்: ‘-டி’க்குப் பதில், ஃபைலோ ஃபோல்டரோ இருந்தாலே போதும் என்கிற ‘-இ’ போட்டால் முடிந்தது கதை. கிட்டைக் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? 2022இல் வந்த கிட் 2.35.2 முதல், ஃபோல்டர் வேறு யூசர் பெயரில் இருந்தால் எரர் கொடுத்து நின்றுவிடும். காப்பி செய்த ஃபோல்டர்களில் இது சகஜம். ரெப்போவே இல்லாவிட்டாலும் எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் எண்) 128, இதற்கும் 128. எப்படிப் பிரிப்பீர்கள்?

தேன்மொழி_டெவ்: எரர் வாசகத்தைப் பார்த்துத்தான். அந்தத் தடை சும்மா வைத்ததல்ல. யாரோ வைத்த .கிட்டின் கான்ஃபிக் (செட்டிங் ஃபைல்) மூலம் உங்கள் மெஷினில் கட்டளை ஓட வைக்க முடியும்.

கருவேலன்: வாசகமா? முதலில் ‘அன்சேஃப் ரெப்பாசிட்டரி’ என்றார்கள், பிறகு ‘டூபியஸ் ஓனர்ஷிப்’ என்று மாற்றினார்கள். அதை நம்பியா ஸ்கிரிப்ட் எழுதுவது? கான்ஃபிக் ஆபத்து என்றால் கிட்டை ஓட்டாமல் இருப்பதுதானே நல்லது!

பனையூரான்: இரண்டு பேரும் சப்வெர்ஷனை மறந்துவிட்டீர்கள். 2011இல் வந்த சப்வெர்ஷன் 1.7 முதல் .எஸ்விஎன் உச்சி ஃபோல்டரில் மட்டும்தான். அதற்கு முன் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்கும். புதிய வகையில் உள்ஃபோல்டரை மட்டும் காப்பி செய்திருந்தால் அடையாளமே இருக்காது.

தேன்மொழி_டெவ்: அப்புறம், டாட்ஃபைல்களுக்காக (புள்ளியில் தொடங்கும் செட்டிங் ஃபைல்கள்) யூசரின் ஹோம் ஃபோல்டரில் .கிட் வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. கருவேலன் வழியில் ஏறினால் கீழே உள்ள அநாதை ஃபோல்டர் எல்லாம் கிட் ஆகிவிடும்.

கருவேலன்: ரெவ்-பார்ஸும் அதே ஹோமைத்தான் காட்டும், தேன்மொழி. இதில் உங்கள் வழிக்கு என்ன பெருமை?

தேன்மொழி_டெவ்: சரி, அது நியாயம். அங்கே ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் அந்த ஃபோல்டரில் எதையும் கிட் டிராக் செய்யவில்லை.

பில்டு_மணி: அப்படியென்றால் ‘-இ’யோடு ஏறுகிறேன், காப்பி செய்த டைரக்டரிக்கு மேலே போக மாட்டேன். கிட் என்று வருவதில் மட்டும், ஓனரை மாற்றிய பிறகு எல்எஸ்-ஃபைல்ஸ்.

தேன்மொழி_டெவ்: ஓனரை மாற்றும் முன் கான்ஃபிக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள், மணி.