எம்டனுக்கு நாலாவது புகைபோக்கி வச்ச கதை

கப்பல் மாடல் செய்றவங்க அவங்கவங்க அனுபவத்த சொல்றீங்க, என்னோடது எம்டன், முதல் உலகப் போர்ல இருந்த ஜெர்மன் போர்க்கப்பல். ரெவெல் கம்பெனி 1/350 கிட், அதாவது பாகங்கள ஒட்டிச் சேர்க்கற செட், நிஜத்துல 350-ல ஒரு பங்கு சைஸ். நிஜக் கப்பல் 118 மீட்டர் நீளம், மாடல்ல 34 செ.மீ. கிட்ட வரும். மெட்ராஸ்ல பொறந்து வளந்தவனுக்கு வேற எந்தக் கப்பல் மேல ஆசை வரும் சொல்லுங்க, 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து பர்மா ஆயில் டேங்கெல்லாம் பத்த வச்சுட்டுப் போனது இதுதானே, ஹைகோர்ட் சுவர்ல கல்வெட்டே இருக்கு.

முதல்ல கலர முடிவு பண்ணணும். சண்டைக்கு முன்னாடி சீனாவுல சிங்டாவ்ல இருந்தப்ப உடம்பு வெள்ளை, புகைபோக்கி மங்கல் மஞ்சள், அவ்ளோ அழகு. சண்டை வந்ததும் சாம்பல். எனக்கு மெட்ராஸுக்கு வந்த எம்டன் தான் வேணும், அதனால சாம்பல். டப்பால இருக்கற பெயிண்ட அப்படியே அடிச்சா இந்த சைஸுக்கு ரொம்ப இருட்டா தெரியும், துளி வெள்ளை கலந்து நல்லா நீர்க்க மெல்லிசு மெல்லிசா கோட் குடுக்கணும், கெட்டியா அடிச்சா போர்ட்ஹோல் (கப்பல் பக்கவாட்டு வட்ட ஜன்னல்) எல்லாம் அடைஞ்சு போயிடும்.

பாதி வேலைல பெரியப்பா வந்து பாத்தார். "என்னடா மூணு தான் இருக்கு, எம்டனுக்கு நாலு புகைபோக்கின்னு எங்கயோ படிச்சேனே"ன்னார். "நாலாவது டூப்ளிகேட் பெரியப்பா, யார்மவுத்னு ஒரு பிரிட்டிஷ் கப்பலுக்கு நாலு, அது மாதிரி தெரியணும்னு மரச்சட்டமும் கான்வாஸும் வச்சு கட்டிக்கிட்டாங்க, அந்த வேஷத்தோட தான் அக்டோபர் 28 விடியக்காலைல பினாங்குக்குள்ள போய் ஜெம்சுக்ங்கற ரஷ்யக் கப்பல மூழ்கடிச்சாங்க"ன்னேன். "அப்ப அதையும் செய்டா"ன்னுட்டார்.

கிட்ல இருக்கற புகைபோக்கிய அளவெடுத்து பிளாஸ்டிக் ஷீட்ல சட்டம் வெட்டி, டிஷ்யூ பேப்பர்ல தண்ணி கலந்த ஃபெவிகால் தடவி சுத்தினேன், காஞ்சதும் கான்வாஸ் மாதிரியே லேசா சுருக்கம் விழுந்துச்சு, மொத்த மாடல்லயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். ஒட்டல, வேணும்போது மாட்டிக்கலாம், பெரியப்பா வந்தா அவரே மாட்டி கழட்டி பாப்பார்.

மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) கயிறுக்கு நூல் போடாதீங்க, பிசிறு தெரியும். கிட்ல பாகங்கள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் ஃபிரேம மெழுகுவத்தில காட்டி இளகினதும் இழுங்க, முடிய விட மெல்லிசா வரும். சென்னைல இருக்கறவங்க மழை நாள்ல மேட் வார்னிஷ் (பளபளப்பு இல்லாத மேல்பூச்சு) மட்டும் அடிக்கவே அடிக்காதீங்க, ஈரக்காத்துக்கு வெள்ளையா பூத்துடும்.