தனி ஆளா தொழில் பண்றவங்க பில்லு, ஜிஎஸ்டி, வரி கணக்கெல்லாம் எப்படி பாத்துக்குறீங்க? உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

திருச்சி ஏசி சர்வீஸ்

வணக்கம். தில்லைநகர் பக்கம் ஏசி சர்வீஸ் பண்றேன். பதினோரு வருஷம் ஒருத்தர்கிட்ட மெக்கானிக்கா இருந்துட்டு 2021ல தனியா வந்தேன். ஆள் நான் மட்டும்தான், வெளி யூனிட் தூக்கி மாட்ட ஒரு தம்பி தினக்கூலிக்கு வருவான். வேலை எனக்கு அத்துப்படி, கேஸ் எங்க லீக் ஆகுதுன்னு சோப்பு நுரை வைக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன். ஆனா பில்லு போடுறது, ஃபைல் பண்றது, வரி கட்டுறது இதெல்லாம் எங்க முதலாளி பக்கத்துல கூட விட்டதில்ல, அவருக்குன்னு ஒரு கணக்கப்பிள்ளை இருந்தாரு, அதனால தனியா வந்த முதல் ரெண்டு வருஷம் ரொம்ப அடிபட்டேன். புதுசா வர்ற பசங்க அதே இடத்துல மாட்டக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

மொத அடி மார்ச் மாச பில்லு. ஒரு ஆபீஸ்ல ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்திருந்தேன். 2023 மார்ச் 28ம் தேதி 90,000 ரூபாய்க்கு பில்லு போட்டேன், 18 பர்சென்ட் ஜிஎஸ்டி 16,200, ஆக மொத்தம் 1,06,200. வருஷ முடிவுக்குள்ள போட்டாதான் சீக்கிரம் பாஸ் ஆகும்னு யாரோ சொன்னாங்க, நானும் நம்பி போட்டுட்டேன். காசு வந்தது ஆகஸ்ட்ல. ஆனா ஏப்ரல் 22க்குள்ள அந்த 16,200ஐ கட்டணும்னு ஆடிட்டர் போன் பண்றாரு. "சார் எனக்கு இன்னும் அஞ்சு பைசா வரலயே"ன்னேன். "தம்பி, சர்வீஸுக்கு பில்லு தேதியா காசு வந்த தேதியா, எது முந்தியோ அதான் கணக்கு, நீங்க பில்லு போட்டாச்சு"ன்னாரு. அந்த மாசம் வீட்டுக்காரம்மா வளையல் ரெண்டு அடகு போச்சு. லேட்டானா ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ, வருஷத்துக்கு 18 பர்சென்ட் வட்டி வேறன்னு கேட்டதும் யோசிக்காம அவங்களே கழட்டி குடுத்தாங்க. அது இன்னும் மனசுல இருக்கு.

இப்ப என்ன பண்றேன்னா ஏஎம்சி அக்ரிமெண்ட்லயே பணம் தர்ற தேதிய எழுதி வாங்கிடுறேன். மூணு மாசம் முடிஞ்சு அடுத்த மாசம் 5ம் தேதின்னு போட்டுட்டா பில்லும் அந்த தேதிக்குத்தான். நான் மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபைல் பண்ற க்யூஆர்எம்பி திட்டத்துல இருக்கேன், ஏப்ரல் 5 பில்லுக்கு மே 25 வரைக்கும் டைம் கிடைக்குது, மார்ச் 28ல போட்டா ஏப்ரல் 22. எட்டு நாள் தள்ளி பில்லு போட்டதுல ஒரு மாசத்துக்கு மேல மூச்சு விட முடியுது. அதோட தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் வச்சிருக்கேன், எந்த பார்ட்டி காசு போட்டாலும் அன்னைக்கு ராத்திரியே 118 ரூபாய்க்கு 18 ரூபான்னு கணக்கு பண்ணி அதுக்கு மாத்திருவேன். அந்த ஏடிஎம் கார்டு என்கிட்ட இல்ல, வீட்ல இருக்கு.

ரெண்டாவது சரக்கு வாங்குன பில்லு. செம்புக் குழாய், கேஸ் சிலிண்டர், இன்சுலேஷன்னு ஒரு கடையில 84,000க்கு வாங்கினேன், ஜிஎஸ்டி மட்டும் 15,120. என் ஜிஎஸ்டி நம்பர துண்டு சீட்டுல எழுதி கல்லாவுல குடுத்துட்டுத்தான் வந்தேன். 14ம் தேதி 2பி, அதாவது நம்ம நம்பர்ல ஏறுன கொள்முதல் பில்லெல்லாம் காட்டுற ஜிஎஸ்டி போர்ட்டல் லிஸ்ட், எடுத்துப் பாத்தா அந்த பில்லே இல்ல. கடைக்காரர் நம்பர போடாம சில்லறை வியாபாரம் மாதிரி ஏத்திட்டாரு. 2022 ஜனவரியில இருந்து 2பில வந்தாதான் சரக்குக்கு கட்டுன ஜிஎஸ்டிய நம்ம வரில கழிச்சுக்குற இன்புட் எடுக்க முடியும், கையில பில்லு இருக்குன்னு சொல்லி பிரயோஜனமே இல்ல. அவர்கிட்ட போய் நின்னேன், "அதெல்லாம் சின்ன விஷயம் பாய்"னாரு. எனக்கு பதினஞ்சாயிரம் சின்ன விஷயமா? சண்டை போடல, தினமும் காலைல கடை திறக்குற நேரத்துக்கு போய் நின்னேன், நாலாவது நாள் அடுத்த மாச ரிட்டர்ன்ல திருத்திக் குடுத்தாரு. அதுக்கப்புறம் பில்லு வாங்குன இடத்துலயே நம்பர வாய்விட்டு படிச்சுப் பாத்துட்டுத்தான் நகர்றேன். 33ல ஆரம்பிக்கும், அது தமிழ்நாடு, அடுத்த பத்து எழுத்து நம்ம பேன் நம்பர், மொத்தம் 15.

இன்னொன்னு, கடைகள்ல தர்ற அந்த வழவழ பேப்பர் பில்லு. வண்டி டேஷ்போர்டுல போட்டு வச்சிருந்தேன், வெயில்ல வெந்து மே மாசம் எடுத்துப் பாத்தா முழுக்க வெள்ளை. ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு வச்சு பாத்தா எழுத்து இருந்த தடம் லேசா தெரியுது, தொகை தெரியல. வாங்கின உடனே போட்டோ எடுங்க, கடை பேரு தேதியோட ஒரு ஃபோல்டர்ல போடுங்க, அவ்ளோதான்.

டிடிஎஸ், அதாவது நமக்கு தர்ற காசுல பார்ட்டியே முன்கூட்டி பிடிச்சு கட்டுற வருமான வரி, அந்த கதையும் ஒன்னு இருக்கு, அது இன்னும் முடியல, அப்புறம் சொல்றேன். நீங்க சொல்லுங்க.

கும்பகோணம் பொடிக்கடை

தம்பி, வளையல் விஷயம் படிச்சதும் மனசு என்னமோ பண்ணிருச்சு. நான் வீட்டுல இருந்தே சாம்பார் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் போட்டு விக்கிறேன். எனக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்ல. சரக்கு விக்கிறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் வரைக்கும் வேணாம்னு சொன்னாங்க, நான் அதுல கால்வாசி கூட இல்ல. ஆனா பெங்களூர்ல இருந்து ஒரு அம்மா மாசாமாசம் 30 கிலோ வேணும்னு கேட்டாங்க, எனக்கு ஒரே சந்தோஷம், பார்சல் கட்டி அட்ரஸ் எழுதி கூரியர்காரன் வர்றதுக்கு உக்காந்திருக்கேன், பக்கத்து வீட்டு பொண்ணு காமர்ஸ் படிக்குது, அது வந்து "அத்தை, வேற ஸ்டேட்டுக்கு சரக்கு வித்தா ஒரு ரூபாய்க்கு வித்தாலும் ஜிஎஸ்டி நம்பர் வேணும், 40 லட்சம் கணக்கெல்லாம் இங்க உள்ளுக்குள்ளதான்"னு சொல்லுது. அப்படியே பார்சலை பிரிச்சு வச்சேன். சர்வீஸ் பண்றவங்களுக்கு அந்த கட்டுப்பாடு இல்லையாம், அவங்க 20 லட்சம் வரைக்கும் வெளி மாநிலத்துக்கும் பண்ணலாமாம். நமக்குத்தான் இப்படி. அந்த ஆர்டர் போயிருச்சு, இன்னும் வருத்தம்தான். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்துல சேந்தா ஜிஎஸ்டி ஒரு பர்சென்ட்தானேன்னு கேட்டேன், அதுலயும் வெளி மாநிலத்துக்கு விக்கக் கூடாதாம்.

எனக்கு பெரிய தலைவலி ஜிபே. வியாபாரக் காசு, மகளிர் குழு கடன் தவணை, சீட்டுப் பணம், பையன் காலேஜ் ஃபீஸுக்கு எங்கண்ணன் போட்ட காசு எல்லாம் ஒரே அக்கவுண்ட்ல. 2025ல கர்நாடகாவுல சின்ன சின்ன கடைக்காரங்களுக்கெல்லாம் யூபிஐ வரவ வச்சு நோட்டீஸ் வந்துச்சுல்ல, அத டிவில பாத்துட்டு ராத்திரி தூக்கமே வரல. ஆடிட்டர்கிட்ட போனா ஸ்டேட்மெண்ட்ட கையில குடுத்து "எது வியாபாரம், எது வீடுன்னு டிக் பண்ணிட்டு வாங்கம்மா"ன்னாரு. 62 பக்கம். மூணு நாள் உக்காந்தேன். பல வரவு யாரு போட்டதுன்னே ஞாபகம் இல்ல. என்னைக் காப்பாத்துனது சமையக்கட்டுல தொங்குற நோட்டுதான், யாருக்கு எத்தனை கிலோன்னு அதுல எழுதிருவேன், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சத்தூள் விரல் ரேகை. அந்த நோட்டையும் ஸ்டேட்மெண்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தேதி தேதியா டிக் பண்ணேன். இப்ப வியாபாரத்துக்குன்னு தனி அக்கவுண்ட், தனி கியூஆர். பண்ணி முடிக்க பேங்க்ல அரை மணி நேரம்தான் ஆச்சு, இதுக்காகவா இத்தன நாள் பயந்தேன்னு இருந்துச்சு.

கணபதி லேத் பட்டறை

வணக்கமுங்க. கோயமுத்தூருங்க, பம்ப்பு செட்டுக்கு ஷாஃப்ட்டு, புஷ்ஷு கடஞ்சு குடுக்கறனுங்க. ஒத்த லேத்து, ஒத்த ஆளு.

நமக்கு பில்லு போடறதுல பிரச்சன இல்லீங்க, காசு வர்றதுலதான். 90 நாளு, 120 நாளுன்னு இழுப்பாங்க, கேட்டா அடுத்த லோடு வேற பக்கம் போயிரும். 2020ல சின்ன தொழிலுக்கு அரசாங்கம் தர்ற உத்யம் பதிவு வந்தப்பவே எடுத்து வச்சிருந்தனுங்க, ஆனா பில்லுல அந்த நம்பர போட்டதில்ல, அது எதுக்குன்னு விட்டுட்டேன். அப்புறம் வருமான வரில 43பி(எச்)னு ஒன்னு கொண்டாந்தாங்க, 2023-24 கணக்கு வருசத்துல இருந்துங்க. எங்களாட்டம் சின்ன உற்பத்தி பண்றவங்களுக்கு பெரிய கம்பெனி 45 நாளைக்குள்ள காசு தரலீன்னா, எழுத்துல ஒப்பந்தம் இல்லீன்னா 15 நாளைக்குள்ள தரலீன்னா, குடுக்கற வருசத்துலதான் அத செலவா காட்டிக்க முடியும். மார்ச் 31ல பாக்கி நின்னா அதுக்கும் சேத்தி அவிங்க வரி கட்டோணும். 2024 மார்ச்சு பாதியில நாலு பார்ட்டி அவிங்களாவே போன் பண்ணி "உங்க உத்யம் சர்டிபிகேட்டு அனுப்புங்க"ன்னாங்க. அனுப்பினேன். 29ம் தேதிக்குள்ள ரெண்டு பேரு மொத்த பாக்கியும் செட்டில் பண்ணிட்டாங்க. பட்டறை ஆரம்பிச்சு அப்படி ஒரு மார்ச்ச நான் பாத்ததில்லீங்க.

ஆனா ஒரு பார்ட்டி மட்டும் உத்யத்த கேன்சல் பண்ணாத்தான் ஆர்டர்னு சொல்லிட்டாங்க. பண்ண மாட்டேன்னுட்டேன். ஆர்டரும் போச்சுங்க. வயிறு எரிஞ்சுது, ஆனா அது சட்டம் குடுத்த பாதுகாப்பு, அத நானே கையெழுத்துப் போட்டு வேண்டாங்கறது எப்படிங்க? இப்ப பில்லு தலைப்புலயே உத்யம் நம்பரு இருக்குது. வாங்கி விக்கற யாவாரிகளுக்கு இந்த 45 நாள் கணக்கு பொருந்தாதுங்க, உற்பத்தியும் சர்வீஸும் பண்றவங்களுக்குத்தான். திருச்சி தம்பி நீங்க சர்வீஸு, உங்களுக்கு வரும், எடுத்து வையுங்க.

பள்ளிக்கரணை வெப் வேலை

நான் வெளிநாட்டு கிளையண்ட்டுக்கு வெப்சைட் பண்றேன். நீங்கல்லாம் சொன்ன மாதிரி காசு வராத பிரச்சனை எனக்கு கம்மி. என் தப்பு ஏப்ரல்ல. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி வாங்க வேண்டியதில்ல, ஆனா வரி கட்டாம அனுப்புறேன்னு எல்யூடிங்கற உறுதிக் கடிதம் ஒன்னு ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒவ்வொரு வருஷமும் புதுசா குடுக்கணும், மார்ச் 31ஓட பழசு முடிஞ்சிரும். நான் ஒரு தடவ குடுத்தா போதும்னு நினைச்சு ஏப்ரல், மே ரெண்டு மாசமும் பில்லு போட்டுட்டேன். ஜூன்ல ஆடிட்டர் பாத்துட்டு எல்யூடி இல்லாம போட்டதுக்கு 18 பர்சென்ட் கட்டிட்டு ரீஃபண்ட் கேக்கணும்னாங்க, கை நடுங்கிருச்சு, ரெண்டு மாசமும் சேத்து லட்சத்துக்கு மேல வருது. அப்புறம் அவங்களே 2018ல வந்த 37ம் நம்பர் சர்க்குலர எடுத்தாங்க, லேட்டா குடுத்தாலும் காரணத்த பாத்து பின்தேதிக்கு அனுமதிக்கலாம்னு அதுல இருக்கு. ஆபீஸர பாத்து லெட்டர் குடுத்தோம், பேங்க்ல டாலர் வந்ததுக்கான எஃப்ஐஆர்சி சர்டிபிகேட் ஒவ்வொன்னும் பில்லு நம்பர் வாரியா கோத்து வச்சிருந்தேன், அத ஒவ்வொன்னா புரட்டி பாத்துட்டு ஏத்துக்கிட்டாரு. ரொம்ப மரியாதையா பேசினாரு, நான்தான் தேவையில்லாம பயந்து போயிருந்தேன்.

அந்த ஃபைல் மட்டும் ஒழுங்கா இல்லைன்னா கதையே வேற. இப்ப மார்ச் மாசம் புது எல்யூடி குடுத்துட்டுத்தான் மறு வேலை.

திருச்சி ஏசி சர்வீஸ்

எல்லாருக்கும் நன்றி. லேத் அண்ணா, உத்யம் நேத்தே எடுத்துட்டேன், காசு எதுவும் கேக்கல.

டிடிஎஸ் கதைய சொல்றேன்னு சொன்னேன்ல. ஒரு பார்ட்டிக்கு வருஷம் முழுக்க 2,80,000க்கு வேலை பண்ணேன், ஒரு பர்சென்ட் பிடிச்சாங்க, 2,800 ரூபா. நம்ம பேன் நம்பர்ல கட்டுன வரியெல்லாம் காட்டுற 26ஏஎஸ்ல வரவே இல்ல. கேட்டா "நாங்க கட்டிட்டோம் சார், வேணும்னா சலான் காட்டவா"ன்னாங்க. சலான் வச்சு நான் என்ன பண்றது? 2,800தானேன்னு ஆடிட்டரே விடச் சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல, ஒரு நாள் ஏசி சர்வீஸுக்கு போன கையோட அக்கவுண்ட்ஸ் மேடம் டேபிள் பக்கத்துல நின்னு, என் பேன் கார்ட வச்சு, அவங்க ஃபைல் பண்ண டிடிஎஸ் ரிட்டர்ன், அந்த 26க்யூ லிஸ்ட்டோட ஒரு எழுத்து ஒரு எழுத்தா படிச்சோம். எட்டாவதும் ஒன்பதாவதும் இடம் மாறியிருந்துச்சு, 47க்கு 74. வருஷம் பூரா என் காசு யாரோ முகம் தெரியாத ஒருத்தர் பேர்ல போயிருக்கு. அந்த மேடத்துக்கு முகமே மாறிருச்சு, "என்கிட்ட முன்னாடியே வந்திருக்கலாமே சார்"னு சொல்லி திருத்த ரிட்டர்ன் போடுறேன்னாங்க. அது நடந்து மூணு வாரம் ஆச்சு.

நேத்து ராத்திரி 26ஏஎஸ்ஸ மறுபடி திறந்து பாத்தேன். நாலு லைன் வந்திருக்கு, நாலும் 700.