வீட்டை இடித்த கழிவும் டிப்பர்காரரும்

வெள்ளவத்தையில் எங்கள் பழைய குசினியை இடித்தபோது லண்டனில் இருக்கும் தம்பி, "ஒரு ஸ்கிப் எடுத்து வாசலில் வையுங்கள் அக்கா, நிறைந்ததும் வந்து தூக்குவார்கள்" என்றான். கழிவு போடுகிற பெரிய இரும்புத் தொட்டிதான் ஸ்கிப். அங்கே சரி. ரோட்டில் வைப்பதென்றால் கவுன்சில் பெர்மிட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையிலோ ஆட்டோ திருப்பவே பெரும்பாடு, ஸ்கிப்பை நாள்கணக்கில் எங்கே வைப்பது? ஆகவே ஏற்றியதும் போய்விடும் டிப்பர் லொறி.

கூலி கியூப் கணக்கில். ஒரு கியூப் 100 கன அடி. லண்டனில் வீடுகளுக்கு எடுக்கும் 8 கன யார் அளவு ஸ்கிப் 216 கன அடி, நம் கணக்கில் இரண்டு கியூபுக்குச் சற்றுக் கூட. சுவரை அளந்து கியூப் பேசாதீர்கள். இடித்துக் குவித்தால் அது எவ்வளவோ பெருத்துவிடும்.

முதலில் வந்தவர் பாதி ஏற்றிய பிறகு "ஏற்றுகூலி வேறு" என்றார். அதைக்கூடப் பொறுக்கலாம். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார் பாருங்கள், அதுதான் பிடிக்கவில்லை. கொழும்புக்கு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஈரநிலத்திலேயே ராவோடு ராவாகக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன்.

அடுத்தவர் வந்ததும் குவியலைக் கிளறிப் பார்த்தார். செங்கல், கொங்கிரீட் மட்டும் என்றால் வீடு கட்டுகிற ஒருவர் அத்திவாரத்துக்குள் நிரப்பக் கேட்டிருக்கிறாராம். போனில் கதைக்கவும் தந்தார். மெத்தை, பொலித்தீன் கலந்தால் அந்த ஆள் எடுக்கமாட்டார். பின்னேரம் முழுக்கப் பிரித்தோம், கூலியும் குறைந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்:
இரும்பு, பைப், போத்தலை டிப்பரில் ஏற்றாதீர்கள், பழைய இரும்புக்காரர் காசு தந்தே எடுப்பார். அஸ்பெஸ்டஸ் ஷீட்டை மட்டும் உடைக்க விடாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. நனைத்து, முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம், கழற்றிய கொமட்டை முற்றத்தில் விட்டால் ஒரு மழை போதும், நுளம்புக் குடம்பி வந்துவிடும். எங்கள் வீட்டில் டெங்கு பார்க்க வந்த பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா நேரே அதனிடம்தான் போனார்!

தெஹிவளையிலிருந்து ஒருவர்:
அக்கா, அந்த இரண்டாவது டிப்பர்காரர் இந்தப் பக்கம் வருவாரா? எங்களிடம் பழைய சோபாவும் இருக்கிறது.

பதில்:
கேட்டுச் சொல்கிறேன் தம்பி. சோபாவை இப்போதே தனியாக வைத்துவிடுங்கள்.